வெள்ளையடித்த விரிசல்

பக்கத்து வீட்டுச் சந்திரா தோசைக் கரண்டியால் என் வீட்டுச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தாள். கொத்தனாரிடம் கரணை இரவல் வாங்கப் போன என் வீட்டுக்காரர் வரவில்லை. குழைத்த சிமெண்டு இறுகிவிடும் என்று அவள் என் அடுப்படிக்குள் புகுந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஏட்டி வெள்ளத்தாயி, இது நல்லாத்தான் வருது. கல்லுல மாவு ஊத்துன மாதிரி வட்டமா வருது பாரு.”

“வட்டமா இழுக்காத. விரிசல் நெடுகல்லா போகுது.”

“நெடுகப் போனா நெடுகப் பூசிருவோம். விருந்தாளி வார வீட்டுல சுவரு இப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கலாமா?”

ஆடி மாதம். மேல்காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து பூசிய ஈரத்தின் மேலேயே ஒட்டியது. மறுநாள் காலையில் எங்கள் காலனியைப் பார்க்க சட்டமன்றக் குழு வருவதாக இருந்தது. எங்கள் வீடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று எம்.எல்.ஏ.க்கள் நேரில் பார்த்துப்போய், இடித்துக் கட்ட நிதி கேட்டுச் சட்டமன்றத்தில் பேச வேண்டும். அதற்காகத்தான் வருகிறார்கள்.

அவர்கள் பார்க்க வேண்டியதைத்தான் நாங்கள் தோசைக் கரண்டியால் மூடிக்கொண்டிருந்தோம். அது அன்றைக்கு ஒருவருக்கும் உறைக்கவில்லை. காலனி முழுக்கச் சுண்ணாம்பு வாளியோடு அலைந்தது.

மண்ணின் குணம்

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையில் தீப்பெட்டி ஆபீஸ் கதையாகவே எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வேலை முடிந்து திரும்பிய வீட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பயந்துகொண்டுதான் எழுதவில்லை. எழுதினால் அது இடிந்துவிடும் என்பதுபோல ஒரு கூச்சம் கலந்த பயம்.

கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகிற வழியில் உள்ளே ஒதுங்கிய ஊர் எங்களுடையது. சுற்றிலும் கரிசல். பருத்தி, கம்பு, உளுந்து எல்லாம் மழையை நம்பித்தான். இந்த மண் பயிருக்கு நல்லது. வீட்டுக்கு ஆகாது.

கோடையில் அது வெடிக்கும். என் கோழிக்குஞ்சு ஒன்று வாசல் வெடிப்பில் விழுந்து, முழங்கை வரை விட்டு எடுத்திருக்கிறேன். ஐப்பசியில் மழை இறங்கினால் அதே மண் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொண்டு மேலே வரும். மேலே இருக்கிற வீட்டை ஒரு பக்கம் தூக்கும், இன்னொரு பக்கம் விட்டுவிடும். அடியில் கெட்டித் தரை தட்டும் வரை தோண்டி அஸ்திவாரம் போட்டால்தான் சுவர் நிற்கும். அப்படித் தோண்டினால் கையில் இருப்பதெல்லாம் மண்ணுக்குள்ளேயே போய்விடும்.

நிலபுலன் உள்ளவர்களின் வீடுகள் ஊருக்கு மேற்கே சரள்கல் மேட்டில் இருக்கின்றன. அந்தத் தரை அசையாது. எங்களுக்கு ஒதுக்கியது பள்ளத்துக் கரிசல். நான் கல்யாணமாகி வந்தபோது அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள் ஒரே அச்சில் வரிசையாக, ரோஸ் நிறத்தில் நின்றன. காங்கிரீட் கூரை. எங்கள் அம்மா வீடு ஓலைக்கூரை. மழை பெய்தால் ஒழுகாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறேன் என்று தோழிகளிடம் பெருமையடித்தது நினைவிருக்கிறது.

அந்தப் பெருமை சில மழைக்காலம் தாங்கியது. பிறகு சன்னல் மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. முதலில் மயிர் போல. அப்புறம் எறும்பு போய்வரும் அளவு. அப்புறம் என் வீட்டுக்காரர் அதில் பீடிக்கட்டைச் செருகி வைக்கும் அளவு.

கதவு நிலையும் சாய்ந்தது. முழுசாகச் சாத்தினால் கதவு அடியில் இறுகிக்கொள்ளும். வெளியே இருந்து ஒருவர் கடப்பாரையால் நெம்பித் தூக்கி உள்ளே தள்ளினால்தான் திறக்கும். பின்வாசல் கிடையாது. அதனால் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் எப்போதும் ஒரு செங்கல் கிடக்கும். வீட்டைப் பூட்டுவது என்றால் எங்களுக்குச் செங்கலை ஒட்டிச் சங்கிலி போடுவதுதான்.

இப்போது புதிய திட்டத்தில் வீடு கட்டப் பணம் தருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஆற்றுப் பாசன ஊருக்கும் எங்கள் கரிசலுக்கும் ஒரே தொகை. காலனியில் துணிந்து ஆரம்பித்தவர்கள் பேஸ்மட்டத்தோடு நிற்கிறார்கள். அதன் மேல் ஆடுகள் ஏறிப் படுத்திருக்கும். ஒன்றில் வேலிக்கருவை முளைத்து ஆள் உயரம் வந்துவிட்டது.

கொக்கி

நான் அந்த ஆடியில் பதறிக்கொண்டிருந்ததற்குக் காரணம் என் மகள் மகேசு.

அவளைப் புதூர் பக்கம் கொடுத்திருக்கிறேன். முதல் பிரசவம். ஐப்பசியில் நாள் குறித்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவதுதான் வழக்கம். இந்த ஒன்றையாவது குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று ஆபீசில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கூரையில் தொட்டில் கட்ட ஒரு இரும்புக் கொக்கி உண்டு. காங்கிரீட் போடும்போதே பதித்தது. மகேசு அதில்தான் ஆடினாள். சித்திரையில் ஒரு மத்தியானம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னால் மூட்டை விழுந்த மாதிரி சத்தம். திரும்பிப் பார்த்தால் கூரையிலிருந்து காங்கிரீட் பாளமாகப் பெயர்ந்து தரையில் கிடக்கிறது. அதற்குள்ளே கொக்கி. மேலே கம்பிகள் துருப்பிடித்து வெளியே தொங்குகின்றன.

கொக்கியை எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

அந்த வாரமே சம்பந்தியம்மாள் வந்துவிட்டாள். பொல்லாத மனுஷி இல்லை. கூரையை அண்ணாந்து பார்த்தவள் உட்காரவே இல்லை.

“மதினி, கோவிச்சுக்கிடாதீங்க. வளைகாப்பை ஜாம்ஜாம்னு வைப்போம். ஆனா பிள்ளையை இங்கன அனுப்ப எனக்கு மனசு ஒப்பல.”

“நாங்க படுக்கத்தான செய்யுதோம் மதினி.”

“நீங்க பெரிய ஆளுக. சத்தங்கேட்டா எந்திரிச்சு ஓடுவீங்க. பச்சப்பிள்ளை ஓடுமா?”

அன்று முதல் கூரையில் சின்னதாக ஒரு நொறுங்கல் கேட்டாலும் என் கண் அலமாரிக்குப் போகும்.

கடைசி வரிசை

காலனிக்காக முன்னே நின்றவர் டீக்கடை பால்ராஜ் அண்ணாச்சி. கோவில்பட்டிக்குப் போய் மனுக் கொடுப்பது, எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் காத்திருப்பது எல்லாம் அவர்தான். கூட்டம் காட்ட எங்களையும் வேனில் ஏற்றிப் போவார். நான் கடைசி வரிசையில், தூண் இருந்தால் தூணுக்குப் பின்னால் நிற்பேன்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தினேன். படிப்பு வராமல் அல்ல. எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வாத்தியார் பெயர் கூப்பிட்டாலே அழுகை வரும். எழுதுவது அப்படியில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. “வாராவாரம் பத்திரிகையில அந்தப் பேச்சுப் பேசுத, நேர்ல ஒரு காப்பிக்குச் சீனி பத்தலன்னு சொல்ல மாட்ட” என்று சந்திரா இன்றைக்கும் சொல்வாள்.

சட்டமன்றக் குழு வரும் சேதி வந்ததும் அண்ணாச்சி கடைமுன் எல்லாரையும் கூட்டினார்.

“கூட்டம் போட்டுக் கத்துனா எடுபடாது. குடியிருக்குத ஒரு பொம்பளையாள் எடுத்துச் சொல்லணும். கரிசக்காட்டு வீட்டுக்கு அஸ்திவாரத்துக்குன்னு தனியா நிதி ஒதுக்கணும். பழைய வீட்டை ஒட்டுப் போடாம இடிச்சுக் கட்டித் தரணும். அவ்வளவுதான். யாரு பேசுதா?”

“வெள்ளத்தாயி பேசுவா” என்றாள் சந்திரா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“சிரிக்காதீங்க. அவ வீட்டுக் கூரைதான் பேந்து கிடக்கு. அவ பேசாண்டாம், வீட்டைக் காட்டுனாப் போதும். நான் பேசுதேன்” என்று அவளே முடித்து வைத்தாள்.

வீட்டைக் காட்ட வேண்டும் என்றதும் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளையடிப்பது. பெண் பார்க்க வந்தாலும், கோயில் கொடைக்குச் சொந்தம் வந்தாலும் அதைத்தான் செய்வோம். அழுக்கு வீட்டில் விருந்தாளியை ஏற்றுவது எங்களுக்குச் செத்துப்போவதற்குச் சமம். எம்.எல்.ஏ.க்கள் என்றால் கேட்கவா வேண்டும்!

விரிசலைப் பூசினோம். அதன் மேல் சுண்ணாம்பு அடித்தோம். கூரையில் பெயர்ந்த இடத்தை என்ன செய்வது? சந்திரா தன் பூப்போட்ட சேலை ஒன்றைக் கொண்டுவந்து, நான்கு மூலையிலும் ஆணியடித்து விதானம்போலக் கட்டினாள். மேல்காற்றுப் புழுதிக்காகப் பின்சன்னலில் அடைத்து வைத்திருந்த சாக்கையும் அசிங்கமாக இருக்கிறதென்று உருவினோம். கடைசியாக, வாசலில் கிடந்த செங்கலை நானே எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

விருந்தாளிகள்

காலையில் கார்கள் வந்தன. வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தோம். வெள்ளை வேட்டிகள் இறங்கின. முதல் வீட்டுக்குள் போனார்கள், வந்தார்கள். இரண்டாவது வீட்டுக்குள் போனார்கள், வந்தார்கள். கூடவே குறிப்பெடுத்துக்கொண்டு ஒரு அலுவலர் அம்மா.

“பராமரிப்பு நல்லா இருக்கே” என்றார் ஒருவர்.

அலுவலர் அம்மா தலையாட்டி எழுதினார். பால்ராஜ் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. எங்கள் பக்கம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“நல்ல நிலைன்னு எழுதுதாவ. ஏன் தாயி, உங்களை யாரு சுண்ணாம்பு அடிக்கச் சொன்னா?”

“நீங்க ஏன் சொல்லல, அடிக்காதன்னு?” என்றாள் சந்திரா.

அண்ணாச்சியின் டீக்கடைக்கும் அன்று புதுச் சுண்ணாம்பு.

அந்த அம்மாவின் பேனா இன்னும் சில வீடுகள் போனால் காலனி முழுக்க நல்ல நிலை ஆகிவிடும். என் வீடும் ஆகிவிடும். புரட்டாசியில் வளைகாப்பு. அப்புறம் மழை.

குழுவில் மூத்தவர் ஒருவர் என் வீட்டுக்குள் நுழைந்தார். ஆற்றங்கரை ஊர்க்காரர் என்று பிறகு தெரிந்தது. அலுவலர் அம்மா அவர் பின்னால் வந்தார். நான் ஏற்கெனவே உள்ளே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பேச வேண்டிய சந்திரா வாசற்படியில் கால் வைக்கப் போனாள்.

அப்போதுதான் மேல்காற்று ஒரு வீச்சு வீசியது. சாக்கு இல்லாத சன்னல் வழியாக உள்ளே புகுந்து வாசல் வழியாக வெளியே பாய்ந்தது. செங்கல் இல்லாத கதவு சந்திராவின் மூக்குக்கு நேரே படாரென்று சாத்திக்கொண்டது.

வீடே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியில் தண்ணீர் விடாமல் அவசரத்தில் பூசிய சிமெண்டு, சன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும், சரசரவென்று நீளவாக்கில் உதிர்ந்து விழுந்தது.

கதவுக்குள்ளே

அந்த ஐயா கதவை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“என்னம்மா, பூட்டிக்கிச்சா?”

“பூட்டலைங்கய்யா. இறுகிட்டு. வெளிய கடப்பாரை போட்டு நெம்பணும்.”

என் குரல் எனக்கே கேட்டது. நான்தான் பேசியிருக்கிறேன்.

வெளியே ஒரே கூச்சல். “ஐயா உள்ள மாட்டிக்கிட்டாரு!” “ஏலே, கடப்பாரை எங்க?” “எங்க வீட்டுலதான் கிடந்துச்சு, தேடுதேன், தேடுதேன்” என்று சந்திராவின் குரல்.

உள்ளே அவர் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்புக்கு நடுவில் கறுப்பாக வாய் திறந்து நின்றது விரிசல். விரலை உள்ளே விட்டார். பாதி விரல் போனது.

“இது என்ன?”

“நேத்து அடைச்சதுங்கய்யா.”

“எதுக்கு அடைச்சீங்க?”

“நீங்க வருதீங்கன்னு.”

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தூண் இல்லை, பின்வரிசை இல்லை, போக வழியும் இல்லை.

“நாங்க மூணடி அஸ்திவாரம் போட்டா வீடு தலைமுறைக்கும் நிக்கும். இங்க மட்டும் ஏன்?” என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மண்ணைப் பற்றிச் சொன்னேன். வெடிப்பதை, ஊதுவதை, பேஸ்மட்டத்தில் படுத்திருக்கும் ஆடுகளை. கோவையாகச் சொல்லவில்லை. கோழிக்குஞ்சு விழுந்ததைக்கூடச் சொன்னேன். அலுவலர் அம்மா பேனாவை மூடியிருந்தார். திரும்பத் திறந்தார்.

“கூரையாவது பரவாயில்லையா?” என்று அந்த ஐயா சேலையை அண்ணாந்து பார்த்தார். “அழகா கட்டியிருக்கீங்க.”

சொல்லத் தெரியவில்லை. கட்டில் மேல் ஏறி சேலையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. அதுவரை சேலையில் தங்கியிருந்த காங்கிரீட் தூளும் துருவும் அந்த ஐயாவின் வெள்ளைச் சட்டை மேல் கொட்டின. எனக்கு உயிர் போய் வந்தது. அவர் தட்டிவிடக்கூட இல்லை. தொங்கும் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் இறங்கி அலமாரியிலிருந்து கொக்கியை எடுத்து அவர் முன் நீட்டினேன்.

“தொட்டில் கொக்கிங்கய்யா. இதுல எம் மக ஆடுனா. அவளுக்கு ஐப்பசியில பேறுகாலம். சம்பந்தி வீட்டுல இங்கன அனுப்ப மாட்டேங்காவ. அவிய சொல்லுதது சரிதான். நீங்க போய்ச் சொல்லுங்க. எங்களுக்கு ஒட்டுப் போட வேண்டாம். அடியில இருந்து கட்ட, இந்த மண்ணுக்கு என்ன ஆகுமோ அதை ஒதுக்கச் சொல்லுங்க.”

அவ்வளவுதான் பேசினேன். என் வாழ்நாளில் அந்நியர் முன் அவ்வளவு பேசியது அதுதான். அவர் கொக்கியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். “மத்த வீட்டையும் பூச்சை உதிர்த்துட்டுப் பார்ப்போம்மா” என்று அலுவலர் அம்மாவிடம் சொன்னார்.

அதன் பிறகுதான் கடப்பாரை கிடைத்தது. கதவு திறந்ததும் நான் பார்த்தேன். கோலத்துக்குப் பக்கத்தில், சந்திரா உட்கார்ந்து எழுந்த இடத்தில், மண்ணில் நீளமாகக் கடப்பாரை கிடந்த தடம்; அதை முந்தானையால் மூடிக்கொண்டேதான் இவ்வளவு நேரமும் தேடியிருக்கிறாள்.

“என்னட்டி இது?” என்றேன் பிறகு.

“கண்ணு முன்னால கிடந்தா கண்ணுக்குத் தெரியுமா? நீ பேசுத சத்தம் கேட்டுச்சு. அதான் நிதானமாத் தேடுனேன்.”

பொங்கலுக்கு

அந்த ஐயா சட்டமன்றத்தில் பேசினார். பால்ராஜ் அண்ணாச்சி செல்போனில் காட்டினார். சன்னமான குரலில், கரிசல் மண், அஸ்திவாரம், தனி நிதி என்று சொன்னார். ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டதையும் சொன்னார். அவையில் சிரிப்பு எழுந்தது. ஆய்வு செய்து முடிவெடுக்கப்படும் என்று பதில் வந்தது. வீடுகளை அளந்து பார்க்க இன்ஜினியர்கள் வருவார்கள் என்று பிறகு ஒரு தகவல். எந்த நாள் என்று இல்லை.

பிள்ளை நாள் பார்த்துக்கொண்டு இருக்குமா? வளைகாப்பு நடந்தது. வீட்டு ஓரமாக வெளியே சவுக்குக் கம்பு நட்டு ஒரு தகரச் சாய்ப்பு இறக்கினார் என் வீட்டுக்காரர். சம்பந்தியம்மாள் வந்து கம்பை அசைத்து, தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். “வெக்கைதான். ஆனா தலையில விழாது” என்று மகேசுவை விட்டுவிட்டுப் போனாள்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். தாய்வீடு என்று அவன் வந்தது அந்தத் தகரத்துக்கு அடியில்தான். தொட்டில் ஒரு இரும்பு ஸ்டாண்டில் ஆடியது. மழை பெய்யும்போது தகரம் போடும் சத்தத்தில் அவன் வீரிட்டு அழுவான். நான் அவன் காதைப் பொத்திக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குள் ஏதாவது விழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு முறை விழுந்தது.

தை பிறந்தது. ஊர் முழுக்கச் சுண்ணாம்பு வாடை. காலனியில் ஒரு வீடும் வெள்ளையடிக்கவில்லை. சரள் மேட்டுக்காரர்கள் போகும்போது “பொங்கலுக்குக்கூட வீட்டைப் பாக்க மாட்டாகளோ” என்று காதுபடப் பேசினார்கள். எனக்கு உடம்பு கூசியது.

“யம்மா, உதிர்ந்த இடத்துலயாவது ஒரு கை பூசிருவமா? பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு” என்றாள் மகேசு.

“வேண்டாம் தாயி. அவிய வந்து பாக்கட்டும்.”

மாசியில் அவள் பிள்ளையோடு புதூருக்குப் போய்விட்டாள். ஸ்டாண்டு மட்டும் தகரத்தடியில் நிற்கிறது. அளக்க இன்னும் யாரும் வரவில்லை. இன்றைக்கு வரலாம், நாளைக்கு வரலாம். வராமலே அடுத்த ஐப்பசியும் வரலாம்.

ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் என் கை தானாகத் துடைப்பத்துக்குப் போகிறது. எடுத்துவிட்டு, நினைவு வந்து, திரும்பச் சுவரில் சார்த்துகிறேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குப்பையும் உதிர்ந்த சிமெண்டும் கிடக்கிற வாசலில் வந்து நிற்கிறேன்.